ஜெனரல் ஸ்டைன்மெட்ஸ்: 1866இல் ஜெயித்த முறை 1870இல் ஏன் உதவவில்லை?

பழையதாள்:

பிரஷ்ய ராணுவத்தைப் பற்றி எப்போது பேச்சு வந்தாலும் அது தலைமைப் பணியகத் தலைவர் மோல்ட்கேயிலும் பிரதமர் பிஸ்மார்க்கிலும் போய் நின்றுவிடுகிறது. அந்தக் காலத்து ஆட்களில் என்னை அதிகம் யோசிக்க வைப்பவர் வேறு ஒருவர், கார்ல் பிரீட்ரிக் ஃபான் ஸ்டைன்மெட்ஸ். 1866இல் ஆஸ்திரியாவுக்கு எதிரான போரில், ஜூன் கடைசியில், மூன்று நாளில் மூன்று சண்டை, மூன்றிலும் வெற்றி, 'நாகோத்தின் சிங்கம்' என்று பெயர். 1870இல் பிரான்சுக்குள் ஒரு முழு ராணுவத்தையே நடத்திப் போனவர், போர் தொடங்கி இரண்டு மாதம் முடிவதற்குள் போர்முனையிலிருந்து அகற்றப்பட்டார்.

ஆளைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 1796 டிசம்பரில் ஐசனாக்கில் பிறந்தவர். பத்து வயதில் பொமரேனியாவின் ஸ்டோல்ப் கேடட் பள்ளியில் சேர்த்தார்கள். நெப்போலியனிடம் தோற்று நாடே பிரெஞ்சுக்காரர்களுக்கு அபராதம் கட்டிக்கொண்டிருந்த வருடங்கள், பள்ளியிலும் பற்றாக்குறைதான். 1813இல் விடுதலைப் போர் தொடங்கியதும் அண்ணனும் தம்பியுமாக பிரெஞ்சுக் காவலைத் தாண்டி பிரெஸ்லாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அப்போது இவருக்கு 16 வயது. யோர்க் தலைமையிலிருந்த படையில் இளம் அதிகாரி. அண்ணன் லைப்சிக்கில் இறந்தார். இவருக்குப் பல காயங்களும் இரும்புச் சிலுவையும் கிடைத்தன. படை பாரிஸை அடைந்தபோது செலவாகிவிடும் என்று ஒரே ஒரு முறைதான் ஊருக்குள் போனாராம், சம்பளத்தில் பெரும்பகுதியை அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்புறம் நீண்ட அமைதிக் காலம். 1820 முதல் 1824 வரை பெர்லின் போர்ப் பள்ளி, பிறகு போர்த் திட்டம் போடுகிற தலைமைப் பணியகத்தின் நில அளவைப் பிரிவு. பதவி உயர்வு நத்தை வேகம், மேஜர் ஆவதற்குள் நாற்பதைத் தாண்டிவிட்டார். 1848இல் டென்மார்க்குக்கு எதிரான போரில் நன்றாகச் சண்டையிட்டு ஜெனரல் விராங்கலிடமிருந்து பூர் லெ மெரிட் பதக்கம் வாங்கினார். 1851இல் பெர்லின் கேடட் பள்ளியின் தலைவர். 1864இல் போஸனில் 5ஆம் கோரின் தலைவர். 1866 போருக்குப் போகும்போது வயது 69.

என் கேள்வி இதுதான். இந்த நான்கு வருடத்தில் மாறியது ஸ்டைன்மெட்ஸா, போரா? மாறியது போர்தான் என்பது என் எண்ணம். 1866இல் நாகோத் சண்டையில் செய்ததைத்தான் அவர் 1870 ஆகஸ்டில் பிரான்சில் நடந்த கிராவலோட் சண்டையிலும் செய்தார்.

சதுரங்கக்குதிரை:

ஒத்துக்கொள்ள முடியவில்லை சார். போர் எல்லாருக்கும்தான் மாறியது. மோல்ட்கே 69 வயதில் அந்தப் போரை நடத்திக் காட்டினாரே. ஸ்டைன்மெட்ஸின் பிரச்சினை கட்டளையை மதிக்காதது. ஆகஸ்ட் 5, 6 தேதிகளைப் பாருங்கள். மோல்ட்கேயின் திட்டத்தில் மூன்று ராணுவங்கள் உண்டு. வலது கையில் ஸ்டைன்மெட்ஸின் 1ஆம் ராணுவம், நடுவில் இளவரசர் பிரீட்ரிக் கார்லின் 2ஆம் ராணுவம், தெற்கே பட்டத்து இளவரசரின் 3ஆம் ராணுவம். சார் ஆற்றங்கரையில் பிரெஞ்சுப் படையை நடுவில் பிடித்து வைத்து இரண்டு பக்கமும் சுற்றி வளைக்க வேண்டும். ஸ்டைன்மெட்ஸ் காத்திருக்க வேண்டிய இடத்தில் காத்திருக்கவில்லை. தன் படையைத் தெற்கே திருப்பி, 2ஆம் ராணுவம் வர வேண்டிய சாலைகளில் கொண்டுபோய் நிறுத்தினார். மேலே கேட்டதும் அரசருக்கே நேராகத் தந்தி அடித்துக் குறை சொன்னார்.

அடுத்த நாள் ஸ்பிஷெரன். யாரும் திட்டமிடாத சண்டை. பிரஷ்யப் பக்கம் ஏறக்குறைய 4,900 பேர் இழப்பு, பிரெஞ்சுப் பக்கம் 4,000 வாக்கில். பிரெஞ்சுக்காரர்கள் இரவில் பின்வாங்கிப் போய்விட்டார்கள். வெற்றிதான், ஆனால் வளைக்கிற திட்டம் கெட்டது.

மழைக்காலம்:

வணக்கம், இந்த இழையில் முதல் தடவை எழுதுகிறேன். போர் வரலாறு எனக்குப் புதிது. கோர் என்றால் எவ்வளவு பெரியது? 2ஆம் ராணுவத்தின் சாலையில் 1ஆம் ராணுவம் நின்றது ஏன் அவ்வளவு பெரிய குற்றம்? இரண்டும் ஒரே நாட்டுப் படைதானே, கொஞ்சம் ஒதுங்கிப் போக முடியாதா?

ரயில்பாதை:

நல்ல கேள்வி. கோர் என்றால் சுமாராக 30,000 பேர். இரண்டு காலாட்படை டிவிஷன், குதிரைகள், பீரங்கிகள், பின்னால் தோட்டா வண்டி, ரொட்டி வண்டி, மருத்துவ வண்டி. இத்தனையும் ஒரே சாலையில் வரிசையாகப் போனால் கடைசி ஆள் கிளம்புவதற்குள் முதல் ஆள் ஏறக்குறைய ஒரு நாள் நடையை முடித்திருப்பார், வண்டிகளைச் சேர்த்தால் இன்னும் நீளம். அதனால்தான் மோல்ட்கே ஒரு கோருக்கு ஒரு சாலை என்பதில் அவ்வளவு பிடிவாதம் காட்டினார். படைகள் தனித்தனிச் சாலைகளில் வந்து சண்டைக்கு மட்டும் ஒன்று சேர வேண்டும் என்பது அவருடைய முறை, 1866இல் ஆஸ்திரியர்களோடு நடந்த பெரிய சண்டையான கோனிக்ராட்ஸில் அப்படித்தான் ஜெயித்தார். ஒரு சாலையில் இரண்டு கோர் மோதிக்கொண்டால் பின்னால் வருகிற ஆளுக்குச் சோறும் வராது, பீரங்கிக்குக் குண்டும் வராது, அதைப் பிரித்து விடுவதற்கே நாள்கணக்கில் ஆகும். 1ஆம் ராணுவத்தில் 1, 7, 8 என்று மூன்று கோர்கள். அவ்வளவு கூட்டத்தைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்ல வழியில்லை, அதுவும் சார் பள்ளத்தாக்கின் மேடு பள்ளமும் காடுமான நிலத்தில்.

இந்த விஷயத்தில் நான் சதுரங்கக்குதிரை பக்கம். சண்டைகளை விட அந்தச் சாலைக் குழப்பம்தான் ஸ்டைன்மெட்ஸ் மேல் உள்ள கனமான குற்றச்சாட்டு.

கோட்டைவாசல்:

ஸ்பிஷெரன் சண்டையை ஸ்டைன்மெட்ஸ் தலையில் கட்டுவது சரியில்லை. அதைத் தொடங்கியவர் 7ஆம் கோரின் 14ஆம் டிவிஷன் தலைவர் காமெக்கே. சார்ப்ரூக்கனைக் கடந்து போனார், எதிரே குன்றின் மேல் இருந்த பிரெஞ்சு ஜெனரல் ஃப்ரொசாரின் படை பின்வாங்குகிறது என்று நினைத்தார், ஏறித் தாக்கினார். துப்பாக்கிச் சத்தம் கேட்ட பக்கத்துப் படைகளெல்லாம் யாரும் சொல்லாமலே ஓடி வந்தன, 2ஆம் ராணுவத்தின் 3ஆம் கோர் உட்பட. ஸ்டைன்மெட்ஸ் வந்து சேரும்போது மாலையாகிவிட்டது. அப்படியிருக்க, காமெக்கே செய்ததற்குத் தன்முனைப்பு என்று பெயர், ஸ்டைன்மெட்ஸ் செய்ததற்குக் கீழ்ப்படியாமை என்று பெயரா?

ஆகஸ்ட் 16 அன்று 3ஆம் கோரின் தலைவர் அல்வென்ஸ்லேபன் தன் ஒரே கோரை வைத்துக்கொண்டு மார்ஸ்-லா-தூரில் பிரெஞ்சு ராணுவம் முழுவதையும் எதிர்த்து நின்றார். தெரிந்திருந்தால் யாரும் அதற்கு உத்தரவு கொடுத்திருக்க மாட்டார்கள். அவரை வரலாறு கொண்டாடுகிறது. எனக்கும் அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும்.

சதுரங்கக்குதிரை:

அளவுகோல் ஒன்றுதான் கோட்டைவாசல். மேலே இருப்பவர் என்ன நோக்கத்துக்காக இதைச் சொன்னார் என்று புரிந்துகொண்டு, அந்த நோக்கத்துக்காகச் சொன்னதை மீறுவது ஒன்று. அந்த நோக்கமே எனக்கு வேண்டாம் என்று மீறுவது வேறு. அல்வென்ஸ்லேபன் பிரெஞ்சு ராணுவத்தை, அது பின்வாங்க வேண்டிய வெர்டன் சாலையில் மறித்தார், மோல்ட்கேக்கு வேண்டியதும் அதுதான். ஸ்டைன்மெட்ஸ் தெற்கே திரும்பியது தன் ராணுவத்துக்கு முன்னணி இடம் வேண்டும் என்று.

இன்னொன்று. ஆகஸ்ட் 14 மெட்ஸ் கோட்டை நகருக்குக் கிழக்கே கொலொம்பேயில் என்ன நடந்தது? 7ஆம் கோரின் ஒரு பிரிகேட் தலைவர் கோல்ட்ஸ், பிரெஞ்சுக்காரர்கள் மோசெல் ஆற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களைப் பிடித்து நிறுத்தத் தன் பொறுப்பில் தாக்கினார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள், பிரெஞ்சுப் படையின் பயணம் தாமதமானது, மார்ஸ்-லா-தூருக்கு வழி திறந்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஸ்டைன்மெட்ஸ் வந்ததும் என்ன செய்தார்? கடும் கோபம். சண்டையை நிறுத்திப் பின்னால் வரச் சொன்னார். அரசர் மறுநாள் வந்து களத்தை விடாமல் இருந்ததைச் சரியென்றார். தான் மீறலாம், தனக்குக் கீழே இருப்பவர் மீறக் கூடாது. இது தன்முனைப்பு ஆகாது.

பழையதாள்:

கொலொம்பே பற்றிச் சொன்னதை மறுக்க முடியாது, அவர் குணத்தில் அது உண்டு. இளம் வயதில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த மூஃப்லிங், ஆள் திறமைசாலி, ஆனால் அகம்பாவம் அதிகம், யாராவது தட்டிக் கொடுத்தால்கூடத் தன்னைத் தாழ்த்துவதாக எடுத்துக்கொள்கிறார் என்று எழுதி வைத்தார். பணமில்லாத வீட்டுப் பையன், பணக்காரப் பிரபுக்கள் நிரம்பிய அரசரின் காவல் படையில் பத்துப் பன்னிரண்டு வருடம் கீழ்நிலை அதிகாரியாக இருந்தால் மனம் அப்படித்தான் இறுகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் மோல்ட்கேயை அவர் ஏன் மதிக்கவில்லை என்பதற்குக் குணத்தைத் தாண்டி ஒரு காரணம் இருக்கிறது. 1866 ஜூன் 2ஆம் தேதி வரை தலைமைப் பணியகத்தின் தலைவருக்குப் படைகளுக்கு நேராக உத்தரவிடும் அதிகாரமே கிடையாது, எல்லாம் போர் அமைச்சர் வழியாகத்தான் போக வேண்டும். போர் வெடிப்பதற்குச் சில நாள் முன்புதான் அரசர் அதை மாற்றினார். ஸ்டைன்மெட்ஸ் இளமையில் பார்த்த தலைமைப் பணியகம் வரைபடம் வரைகிற இடம், அவரே அங்கே வரைந்தவர். மோல்ட்கே அவரை விட நாலு வயது இளையவர், அதற்கு முன் பெரிய படை எதையும் களத்தில் நடத்தியதில்லை. தனக்கு மேலே அரசர் மட்டும்தான் என்று ஸ்டைன்மெட்ஸ் நினைத்தார், பழைய முறைப்படி அந்த நினைப்பில் தவறும் இல்லை. அவர் அரசருக்குத் தந்தி அடித்ததை இப்படிப் பார்த்தால் அதில் திமிர் மட்டும் தெரியாது. ஆணை எந்த வழியில் வரும் என்பதே நான்கு வருடத்தில் மாறிவிட்டது.

இன்னொரு தொடர்பும் உண்டு. அவர் முதலில் சேவை செய்த யோர்க்தான் 1812 டிசம்பர் 30 அன்று டாரோகனில் அரசரைக் கேட்காமலே ரஷ்யர்களோடு உடன்படிக்கை போட்டவர், பிரஷ்யா நெப்போலியனை விட்டு விலகத் தொடக்கமே அதுதான். அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு ஜெனரலின் சொந்த முடிவு என்பது தேசபக்தியோடு சேர்ந்த ஒன்று.

மழைக்காலம்:

பழையதாள் சார், முதல் பதிவில் நாகோத்தில் செய்ததையே கிராவலோட்டில் செய்தார் என்றீர்கள். அது எப்படி? நாகோத் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்வீர்களா?

பழையதாள்:

சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது.

1866 ஜூன் 27. பட்டத்து இளவரசரின் 2ஆம் ராணுவம் சிலேசியாவிலிருந்து மலைக் கணவாய்கள் வழியாக பொஹீமியாவுக்குள் இறங்க வேண்டும். கணவாயில் படை நீளமாக, ஒல்லியாக வரும், வாயிலில் எதிரி நின்றால் தலை வெளியே வந்ததும் அடிக்கலாம், உள்ளே இருப்பவர்கள் உதவ முடியாது. ஸ்டைன்மெட்ஸின் 5ஆம் கோர் நாகோத் கணவாய் வழியே வருகிறது. எதிரே ராமிங்கின் 6ஆம் ஆஸ்திரியக் கோர். ஜெனரல் லோவன்ஃபெல்ட் நடத்திய முன்னணிப் படை வைஸோகோவ், வென்சல்ஸ்பர்க் மேட்டில் ஏறி நின்றது. சில பட்டாலியன்கள்தான், எதிரே பல மடங்கு. காலையிலிருந்து நண்பகல் வரை அந்தக் கொஞ்சம் பேர் மேட்டை விடவில்லை, அதற்குள் மீதிக் கோர் கணவாயை விட்டு வெளியே வந்துவிட்டது. முடிவில் பிரஷ்ய இழப்பு 1,100 சொச்சம், ஆஸ்திரிய இழப்பு 5,700 வாக்கில்.

இதே நாளில், இதே ராணுவத்தின் 1ஆம் கோர் பக்கத்துக் கணவாய் வழியே ட்ராவ்டனாவுக்கு வந்தது. அதை நடத்திய போனின் மாலையில் ஆஸ்திரிய ஜெனரல் கேப்லன்ஸிடம் தோற்றுத் திரும்ப மலைக்குள் போனார். எனவே துப்பாக்கி இருந்தாலே ஜெயம் என்று சொல்ல முடியாது, ஸ்டைன்மெட்ஸின் பிடிவாதத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. மறுநாள் ஸ்காலிட்ஸில் 8ஆம் ஆஸ்திரியக் கோர், அதற்கடுத்த நாள் ஷ்வைன்ஷேடலில் 4ஆம் கோரின் ஒரு பகுதி. மூன்று நாளில் மூன்று வேறு வேறு எதிரிகள். கோனிக்ராட்ஸ் நாளில் அவருடைய ஆட்கள் களைத்துப்போய் பின்னால் இருப்புப் படையாக நின்றார்கள், ஆனால் ஊர் முழுக்க அவர் பெயர்தான். கறுப்புக் கழுகு விருது கொடுத்தார்கள். போருக்குப் பிறகு பிரஷ்ய நாடாளுமன்றம் தலைவர்களுக்கு 15 லட்சம் தாலர் பரிசு ஒதுக்கியபோது இவர் பங்கு 2 லட்சம், மோல்ட்கேக்கும் அதே 2 லட்சம்தான்.

இப்போது துப்பாக்கி. பிரஷ்யர்களிடம் டிரைஸே ஊசித் துப்பாக்கி. பின்பக்கம் தோட்டா போடலாம், படுத்துக்கொண்டே போடலாம், நிமிடத்துக்கு நாலைந்து முறை சுடலாம். ஆஸ்திரியர்களின் லொரென்ஸ் துப்பாக்கிக்குக் குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கோலால் இடிக்க வேண்டும், நின்றுகொண்டுதான் முடியும், நிமிடத்துக்கு ஒன்று, இரண்டு. அதன் குண்டு அதிக தூரம் போகும், ஆனால் ஆஸ்திரியர்கள் 1859 இத்தாலியப் போரில் பிரெஞ்சுக்காரர்களிடம் பட்ட அடியிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், கூட்டமாக ஓடிப் போய் துப்பாக்கிக் கத்தியால் குத்துவதுதான் ஜெயிக்கும் வழி என்று. எனவே நெருக்கமாக, வரிசையாக, டிரைஸேயின் எல்லைக்குள் தாங்களே ஓடி வந்தார்கள். நாகோத்திலும் ஸ்காலிட்ஸிலும் நடந்தது அதுதான்.

நான்கு வருடம் கழித்து பிரெஞ்சுக்காரர் கையில் ஷாஸ்போ. அதுவும் பின்பக்கம் தோட்டா போடுவது, 1,200 மீட்டர் வரை சுடும். டிரைஸே 600 மீட்டருக்கு மேல் உருப்படியில்லை. பிரெஞ்சுக்காரர்கள் மேட்டில் குழி வெட்டி உட்கார்ந்துகொண்டார்கள். இப்போது நெருக்கமாகத் திறந்தவெளியில் ஓடி வர வேண்டியவர்கள் பிரஷ்யர்கள். சண்டை தொடங்கினால் விடாமல் நெருக்கு, எதிரி தளர்ந்ததும் கையில் இருப்பதையெல்லாம் உள்ளே போடு, இதுதான் ஸ்டைன்மெட்ஸின் முறை. முதல் சண்டையில் எதிரி நிஜமாகவே தளர்ந்தான். இரண்டாவதில் தளர்ந்ததாக அவர் நினைத்தார்.

சதுரங்கக்குதிரை:

ஆகஸ்ட் 18ஐ நான் எழுதுகிறேன், ஏனென்றால் அதை மேலோட்டமாக விட்டுவிட்டால் துப்பாக்கி மேலேயே பழியெல்லாம் போய்விடும்.

கிராவலோட் ஊருக்குக் கிழக்கே மான்ஸ் ஓடையின் பள்ளம். இரண்டு கரையும் செங்குத்து, அடர்ந்த மரங்கள். மெட்ஸ் போகும் சாலை ஒரு கரைமேடு மேல் அதைக் குறுக்கே கடக்கிறது. அந்தப் பக்கம் ஏறினால் சான் உபேர் பண்ணை, அதற்கு மேலே புவான் து ஜூர் மேட்டில் ஃப்ரொசாரின் கோர், குழிகளில். மோல்ட்கேயின் காலை உத்தரவு, 1ஆம் ராணுவம் காத்திருக்க வேண்டும், 2ஆம் ராணுவம் வடக்கே போய் பிரெஞ்சு வலது ஓரத்தைக் கண்டுபிடித்துத் தாக்கும்வரை. நடுப்பகலில் வடக்கே பீரங்கிச் சத்தம் கேட்டது, கோபனின் 8ஆம் கோர் பள்ளத்துக்குள் இறங்கியது, கடும் இழப்போடு மூன்று மணி வாக்கில் சான் உபேரைப் பிடித்தது. இதுவரை சரி.

ஸ்டைன்மெட்ஸ் இதைப் பார்த்து எதிரி உடைந்துவிட்டான் என்று முடிவு கட்டினார். 7ஆம் கோரின் பீரங்கிகளையும் 1ஆம் குதிரைப்படை டிவிஷனையும் அந்த ஒரே சாலை வழியாக எதிரே அனுப்பினார். குதிரைப்படையை! குழிக்குள் உட்கார்ந்திருக்கும் ஷாஸ்போக்களுக்கு எதிரே, பரந்து நிற்க இடமில்லாத ஒரு கரைமேடு வழியாக. ஏற்கெனவே அந்தச் சாலையில் காயம்பட்டவர்கள் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். சில பீரங்கிகள் மட்டுமே அந்தப் பக்கம் நிலைகொள்ள முடிந்தது, குதிரைகள் வந்த வழியே திரும்ப, சாலை முழுக்க அடைப்பு. மாலையில் பிரெஞ்சுக்காரர்கள் ஒருமுறை முன்னேறியதும் பள்ளத்துக்குள் அடைந்திருந்த பல கோர்களின் ஆட்கள் பீதியில் கலைந்து, கிராவலோட் தெரு வழியாகப் பின்னால் ஓடினார்கள். அரசர் கண்ணெதிரே.

ஷாஸ்போ எவ்வளவு தூரம் சுடும் என்பது அந்த மதியத்துக்குள் ஸ்பிஷெரனில் தெரிந்தாகிவிட்டது, பன்னிரண்டு நாள் முன்பு. தன் சொந்தப் படைதான் அங்கே அடிவாங்கியது. அதன்பிறகும் இப்படி என்றால் வேறு என்ன சொல்ல?

கோட்டைவாசல்:

நீங்கள் எழுதிய மதியப் பகுதியில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாலைப் பகுதியில் ஒரு ஆளை விட்டுவிட்டீர்கள். ஃபிரான்செக்கியின் 2ஆம் கோர் அன்று நீண்ட நடைக்குப் பிறகு கிராவலோட் வந்து சேர்ந்தது. இருட்டும் நேரம். அதையும் அதே பள்ளத்துக்குள் அனுப்ப அரசர் சம்மதித்தார். மோல்ட்கே பக்கத்திலேயே நின்றார், தடுக்கவில்லை. இருட்டில் புது ஆட்கள் போய், சான் உபேர் பக்கம் இருந்த பிரஷ்ய ஆட்கள் மேலேயே சுட்டார்கள். மோல்ட்கே வயதான காலத்தில் அந்தப் போரைப் பற்றி எழுதும்போது, களத்தில் இருந்த தலைமைப் பணியகத் தலைவர் அவ்வளவு தாமதமாக அதை அனுமதிக்காமல் இருந்திருக்கலாம் என்று தன்னையே குறிப்பிட்டு எழுதினார். அதற்காக அவரை மதிக்கிறேன்.

அப்புறம் வடக்கே சான் பிரிவா. அங்கே ஸ்டைன்மெட்ஸ் இல்லை. காவல் கோரை நடத்தியவர் வூர்ட்டம்பர்க் இளவரசர் ஆகஸ்ட். சாக்சன் கோர் வடக்கே சுற்றி வருவதற்காகக் காத்திருக்காமல், பீரங்கிகள் போதுமான அளவு அடிப்பதற்கும் முன்னால், திறந்த சரிவில் நெருக்கமான வரிசைகளில் ஏறச் சொன்னார். ஏறக்குறைய 8,000 பேர் விழுந்தார்கள், பெரும்பாலோர் முதல் அரை மணி நேரத்திலேயே. அன்று முழுக்க ஜெர்மன் இழப்பு 20,000க்குக் கொஞ்சம் மேல். அதில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஒரு சரிவில். அந்த இளவரசர் பதவியில் தொடர்ந்தார். மாலையில் சாக்சன்கள் வந்து சேர்ந்ததும் சான் பிரிவா விழுந்தது, வெற்றி என்று கணக்கு முடிந்தது.

எளிய வீட்டில் பிறந்த 73 வயது ஆளைத் தண்டிப்பது சுலபம். அரச குடும்பத்து ஆளைத் தண்டிப்பது அப்படியில்லை. என் கோபம் அதில்தான்.

ரயில்பாதை:

கோட்டைவாசல், அந்த ஒப்பீடு நியாயமானது, எனக்கும் சான் பிரிவாவைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கும். ஆனால் ஸ்டைன்மெட்ஸை அகற்றியது கிராவலோட்டுக்கு மறுநாள் அல்ல என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மெட்ஸ் முற்றுகைக்காக 1ஆம் ராணுவத்தை பிரீட்ரிக் கார்ல் தலைமையில் சேர்த்தார்கள். அவருக்கு வயது 42, ஸ்டைன்மெட்ஸை விட 31 வயது இளையவர். கிழவரால் அதைத் தாங்க முடியவில்லை. வேண்டிய மரியாதை செலுத்தவில்லை, ஒத்துழைக்கவில்லை. செப்டம்பர் நடுவில்தான் போஸனுக்கு, 5, 6 கோர் பகுதிகளின் கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். பெயருக்குப் பெரிய பதவி, போர் நடப்பது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

இழப்பைக் காரணம் காட்டியிருந்தால் ஆகஸ்ட் 19 அன்றே அனுப்பியிருக்கலாம். இரண்டு லட்சம் பேரை ஒரு கோட்டையைச் சுற்றி உட்கார வைத்து ஊட்டுகிற வேலையில் ஒரு தலைவர் இன்னொருவரிடம் பேச மாட்டேன் என்றால் எப்படி நடக்கும்? அகற்றியதற்கு எனக்குத் தெரிந்த நேரான காரணம் அதுதான்.

மழைக்காலம்:

எல்லாருக்கும் நன்றி, நிறையத் தெரிந்துகொண்டேன். ஒன்று கேட்கிறேன். 73 வயதில், இவ்வளவு கடினமான குணம் உள்ளவரை, ஒரு ராணுவம் முழுவதற்கும் தலைவராக யார் போட்டது? அவருக்குக் குடும்பம் இருந்ததா?

பழையதாள்:

போட்டது அரசர் முதலாம் வில்ஹெல்ம். ராணுவத் தலைவர்களை நியமிப்பது அவர் கையில்தான் இருந்தது. அரசரும் ஸ்டைன்மெட்ஸும் கிட்டத்தட்ட ஒரே வயது, மூன்று மாத வித்தியாசம்தான், இரண்டு பேரும் பையன்களாக இருந்தபோது நெப்போலியனை எதிர்த்துப் போனவர்கள். மற்ற இரண்டு ராணுவங்களும் இளவரசர்களிடம் போய்விட்டன, மூன்றாவது நாகோத்தின் சிங்கத்துக்குக் கிடைக்காமல் போயிருந்தால் மக்களே கேட்டிருப்பார்கள். இந்தப் பழிக்கு ஒருவர் பெயர் எழுத வேண்டுமென்றால் நான் அரசர் பெயரைத்தான் முதலில் எழுதுவேன். கோர் தலைவராக ஒரு கணவாயை விடாமல் பிடிக்கத் தெரிந்தவருக்கு மூன்று கோர்களைப் பக்கத்து ராணுவத்தோடு அனுசரித்து நடத்தவும் தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் வேறு வேறு வேலை. அவருடைய பணியகத் தலைவர் ஸ்பெர்லிங் திறமையானவர், ஆனால் அவர் சொல்வதைக் கேட்டால்தானே.

குடும்பம். 1825இல் சித்தப்பா பெரியப்பா முறையில் வரும் உறவுக்காரப் பெண் யூலியைக் கல்யாணம் செய்தார், அவர் அப்பாவும் ஒரு ஜெனரல் ஸ்டைன்மெட்ஸ். மாமனார் தன்னால் முடிந்த உதவியெல்லாம் செய்தார். மிஞ்சியிருந்த ஒரே பிள்ளை, ஒரு மகள், 1854இல் 26 வயதில் இறந்தார், அந்த வருடம்தான் இவருக்கு மேஜர் ஜெனரல் பதவி வந்தது. 1860களின் தொடக்கத்தில் மனைவியும் போய்விட்டார். ஓய்வு கேட்கலாம் என்ற யோசனையில் இருந்தவருக்கு 5ஆம் கோர் கிடைத்தது. 1866இல் களத்துக்கு வந்தவர் வீட்டில் யாரும் இல்லாத ஒரு மனிதர். 1867இல் எல்ஸே ஃபான் க்ரோசிக் என்ற இளம் பெண்ணை மறுமணம் செய்தார், அதே வருடம் வட ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கும் போனார்.

1871 ஏப்ரலில் ஓய்வு, கூடவே பீல்ட் மார்ஷல் பட்டம். கடைசி வருடங்கள் உடம்பும் நன்றாக இருந்து அமைதியாகக் கழிந்தன என்கிறார்கள். 1877 ஆகஸ்டில் சிலேசியாவின் பாட் லாண்டெக்கில் இறந்தார். நாகோத்தில் சண்டையிட்ட 37ஆம் ஃபியூசிலியர் ரெஜிமெண்டுக்குப் பின்னாளில் அவர் பெயரை வைத்தார்கள்.

சதுரங்கக்குதிரை:

அரசர் பெயரை முதலில் எழுதுவதை ஏற்கிறேன். ஸ்பிஷெரனில் காமெக்கேயின் பங்கையும் ஏற்கிறேன்.

ஆனால் துப்பாக்கி மாறியது தெரியாமல் போனதற்கு ஒரு வரம்பு உண்டு. சான் பிரிவாவில் அவ்வளவு அடிவாங்கிய அதே காவல் கோர் அக்டோபர் 30 அன்று பாரிஸ் பக்கத்து லெ பூர்ஜேயைத் தாக்கியபோது கூட்டமாகப் போகவில்லை. சிறு சிறு குழுக்களாகப் பரந்து, ஒரு குழு சுட, மற்றொன்று கொஞ்ச தூரம் ஓடிப் படுத்து, அப்படி ஏறியது. நடுவில் பத்து வாரம்தான். அதைக் கண்டுபிடித்தவர்கள் பெரும்பாலும் கேப்டன், லெப்டினென்ட் மட்டத்தில் இருந்தவர்கள், ஏனென்றால் சரிவில் படுத்திருந்தவர்கள் அவர்கள்தான். ஸ்டைன்மெட்ஸும் 1813இல் அந்த மட்டத்தில் இருந்தவர், லைப்சிக்கில் அண்ணனை இழந்தவர். மான்ஸ் பள்ளத்தின் ஓரத்தில் நின்று அந்தச் சாலையைப் பார்த்தபோது அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

கோட்டைவாசல்:

லெ பூர்ஜே நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அந்தக் காவல் கோருக்குக் கற்றுக்கொள்ள அக்டோபர் வரை களத்தில் இருக்கக் கிடைத்தது, ஆகஸ்ட் இளவரசர் உட்பட. ஸ்டைன்மெட்ஸ் அப்போது போஸனில் இருந்தார். ஃபிரான்செக்கியின் 2ஆம் கோர் டிசம்பரில் ஷாம்பிஞியில் எப்படிச் சண்டையிட்டது என்று தனி இழை தொடங்குகிறேன், ரயில்பாதை, மெட்ஸிலிருந்து பாரிஸ் வரை அவர்கள் வந்த வழியை நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.